செந்நிறத் தாஜும் சிற்றூர்க் கல்லறையும்

ஐப்பசி மழை மேற்கு மலைத்தொடரின் சரிவுகளில் கறுத்து இறங்கும் நாள்களில்தான் கல்லறைத் திருநாளும் வருகிறது. இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூரில், நவம்பர் 2 விடிவதற்கு முன்பே மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாக மக்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடிவிடுவார்கள். மழையில் கரைந்த மேடுகளுக்கு மண் அணைப்பார்கள். சாய்ந்த மரச் சிலுவைகளை நிமிர்த்துவார்கள். மாலையில் பங்குத்தந்தை ஒவ்வொரு மேட்டையும் மந்திரித்துச் செல்லும்போது, மெழுகுதிரிகளின் ஒளியில் அந்தச் சிறு நிலம் ஒரு விண்மீன் கூட்டம் போலத் தோன்றும். மறுநாள் மழை வரும். மெழுகு உருகிய தடம்கூட மிஞ்சாது.

அந்த நிலத்தில்தான் என் தந்தையார் துயில்கிறார். நூற்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அவர் மறைந்த ஆண்டில் எங்கள் குடும்பத்தில் ஒரு கருத்து வேற்றுமை எழுந்தது. வெளிநாட்டில் பொருளீட்டும் என் தம்பி, தந்தைக்குப் பளபளக்கும் கருங்கல்லில் உயர்ந்த கல்லறை எழுப்ப விரும்பினான். மேலே சிறு மண்டபம், அதன் உச்சியில் சிலுவை, முகப்பில் தந்தையின் உருவம் எனப் படம்கூட வரைந்து அனுப்பியிருந்தான். ஆனால் பங்குப் பேரவையோ, இருக்கும் இடம் சிறிது. இனி யாரும் நிலையான கட்டடம் எழுப்பலாகாது என்று முடிவு செய்திருந்தது. “நம் தந்தைக்கு நாம் செய்வதைத் தடுக்க இவர்கள் யார்?” என்றான் தம்பி. வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற நானும் அவன் பக்கமே நின்றேன். கல்லில் எழுதப்படாதவன் வரலாற்றில் இல்லாதவன் என்பது என் தொழில் எனக்குக் கற்பித்த பாடம்.

இந்த மனத்தாங்கல் தீராத நாள்களில்தான், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலரோடு வடநாட்டுப் பயணம் ஒன்றை மேற்கொண்டேன்.

செந்நிறத் தாஜ்

ஆக்ராவுக்குச் செல்வோர் யமுனைக் கரையில் வெண்பளிங்குத் தாஜ்மகாலைக் கண்டு திரும்புவர். அதே நகரில் இன்னொரு தாஜ் உண்டு என்பதைப் பலர் அறியார். பகவான் டாக்கீஸ் எனப்படும் பரபரப்பான சந்திப்புக்கு அருகே, ஊர்திகளின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு பழைய மதில் நிற்கிறது. அதன் வாயிலைக் கடந்தால் இரைச்சல் அடங்குகிறது. அதுதான் ஆக்ராவின் பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம். வட இந்தியாவில் கிறித்தவர்கள் அடக்கம் செய்யப்பட்ட மிகப் பழைய இடங்களுள் ஒன்று.

உள்ளே நுழைந்ததும் என் கால்கள் நின்றன. கண்முன்னே செம்மணற்கல்லில் ஒரு தாஜ்மகால்! சதுர மேடை, நான்கு புறமும் உயர்ந்த வளைவு முகப்புகள், நடுவே குமிழ்மாடம், மூலைகளில் ஒட்டி எழும் மெலிந்த சிறு தூண்கள். தாஜ்மகாலில் தனித்து உயர்ந்து நிற்கும் நான்கு மினார்கள் இங்கே இல்லை. அளவிலும் இது மிகச் சிறியது. ஆயினும் கல்லில் செதுக்கிய பூவேலையும் சாளரப் பின்னலும், முகலாயச் சிற்பிகளின் வழித்தோன்றல்கள் 150 ஆண்டுகள் கழித்தும் தம் கைத்திறனை மறக்கவில்லை என்று காட்டின. தாஜ்மகாலைப் போலவே இங்கும் மெய்யான புதைகுழி கீழே நிலவறையில் உள்ளது.

இத்தனை எழிலும் யாருக்காக? ஓர் அரசருக்காகவும் அன்று, ஆயருக்காகவும் அன்று. ஜான் வில்லியம் ஹெஸ்ஸிங் என்னும் ஒல்லாந்துப் படைவீரருக்காக.

அவருடைய வரலாற்றை அக்கல்லறையின் ஆங்கிலக் கல்வெட்டே விரிவாகக் கூறுகிறது. ஒல்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் பிறந்தவர். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரராக இளம் வயதில் இலங்கைக்கு வந்தார். கண்டி நகரைக் கைப்பற்றிய படையிலும் இருந்தார். நாடு திரும்பி மீண்டும் இந்தியா வந்து ஐதராபாத் நிசாமிடம் பணி செய்தார். 1784 இல் மராத்தியத் தலைவர் மகாதாஜி சிந்தியாவின் படையில் சேர்ந்தார். 1787 இல் ஆக்ராவுக்கு அருகே நிகழ்ந்த போரில் கடுங்காயம் அடைந்தார். மகாதாஜிக்குப் பின் தௌலத் ராவ் சிந்தியாவின் கீழ் 1798 இல் கர்னலாக உயர்ந்து, ஆக்ரா நகருக்கும் கோட்டைக்கும் தலைவரானார். நெடுநாள் நோயுற்று, 1803 ஜூலை 21 அன்று, 63 ஆம் வயதில் இறந்தார்.

கூலிக்குப் போரிட்ட ஒருவரின் வாழ்க்கை இது. மூன்று கொடிகளின் கீழ்ப் போரிட்டார். எந்தக் கொடியும் அவருடைய சொந்த மண்ணின் கொடியாக இறுதிவரை நிலைக்கவில்லை. அவர் கண்மூடி மூன்று மாதங்கள் ஆவதற்குள், அக்டோபர் 1803 இல், ஜெனரல் லேக் தலைமையில் வந்த ஆங்கிலப் படையிடம் ஆக்ராக் கோட்டை வீழ்ந்தது. அவர் காத்த கோட்டை கைமாறியது. அவர் பணி செய்த அரசின் வலிமை ஒடுங்கியது. அவர் பெயரைத் தாங்கி எஞ்சியது இந்தக் கல்லறை ஒன்றே.

இதை எழுப்பியவர் அவருடைய துணைவி ஆன். மக்களின் பெயர்களும் கல்வெட்டில் உள்ளன. ஷாஜகான் 1631 இல் இறந்த தம் மனைவி மும்தாஜுக்குக் கல்லறை எழுப்பினார். இங்கே மனைவி கணவனுக்கு எழுப்பியிருக்கிறார். பேரரசரின் கருவூலம் அவரிடம் இல்லை. ஆதலால் வெண்பளிங்கு செம்மணற்கல்லாயிற்று. ஆனால் துயரம் ஒன்றே. அந்த மேடையில் நின்றபோது, என் தம்பி அனுப்பிய படத்தை எண்ணிக்கொண்டேன். அவன் விரும்பியதும் இதுதானே? இருப்பதைக் கொண்டு அன்பின் அளவைக் காட்டுவது! அதிலென்ன பிழை?

ஒரே மதிலுக்குள்

விடை தேடி அத்தோட்டத்தைச் சுற்றி வந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த பாடம் ஹெஸ்ஸிங்கின் குமிழ்மாடத்தில் அன்று, அதைச் சூழ்ந்திருந்த தாழ்ந்த கற்களில் இருந்தது.

அத்தோட்டத்தின் பழைமையான பகுதி ஒரு சிறு சிற்றாலயம். 1611 இல் இறந்த கோஜா மார்ட்டிரோஸ் என்னும் அர்மீனிய வணிகரின் கல்லறை மீது எழுந்தது. ஆக்ராவில் பணியாற்றி மறைந்த இயேசு சபைக் குருக்கள் பலரும் அதைச் சூழ அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஹைன்ரிக் ரோத் என்னும் செர்மானியக் குரு. ஆக்ராவில் இருந்து வடமொழியைக் கற்று, ஐரோப்பியருள் முதன்முதலாக அம்மொழிக்கு இலக்கணம் எழுதியவர். 1668 இல் மறைந்தார். நம் மண்ணில் காமநாயக்கன்பட்டியிலும் ஏலாக்குறிச்சியிலும் வாழ்ந்து, தமிழுக்குத் ‘தொன்னூல் விளக்கம்’ தந்த வீரமாமுனிவரை எண்ணாமல் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. இன்னொருவர் யோசேப்பு டீஃபென்தாலர். இந்நாட்டின் ஊர்களையும் ஆறுகளையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அளந்தும் எழுதியும் வைத்த நிலவியல் அறிஞர். 1785 இல் இலக்னோவில் இறந்த அவருடைய உடல் ஆக்ராவுக்கே கொண்டுவரப்பட்டது.

வெனிசு நகரப் பொற்கொல்லர் செரோனிமோ வெரோனியோ இங்கே உறங்குகிறார். 1640 இல் இலாகூரில் இறந்தவர். தாஜ்மகாலுக்கு வரைபடம் அமைத்தவர் இவரே என்று அகுஸ்தீன் சபைத் துறவி மன்ரிக்கே எழுதிவைத்தார். வரலாற்றறிஞர் இன்று அதை ஏற்பதில்லை. உஸ்தாத் அகமது இலாகோரியின் பெயரையே முன்வைக்கின்றனர். தாஜ்மகாலைக் கட்டியவர் என்று புகழப்பட்டவருக்குக் கிடைத்தது ஒரு சிறு கல். தாஜ்மகாலைப் போலவே கல்லறை பெற்றவரோ ஒரு போர்வீரர். 1614 இல் இறந்த ஆங்கில வணிகர் ஜான் மில்டன்ஹாலின் கல்லும் இங்குண்டு. இந்தியாவில் அறியப்பட்ட ஆங்கிலேயர் கல்லறைகளுள் அதுவே மிகப் பழையது என்பர்.

எட்டுப் பட்டையாக எழுந்த மற்றொரு கல்லறை வால்ட்டர் ரைன்ஹார்ட் என்பவருடையது. ‘சம்ரு’ என்று வடநாட்டார் அழைத்த கூலிப்படைத் தலைவர். 1763 இல் பாட்னாவில் ஆங்கிலக் கைதிகளைக் கொன்று குவித்த கொடுமை இவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது. அதே மனிதர்தான், பேரரசர் அக்பர் காலத்தில் தோன்றிய ஆக்ரா ஆலயத்தை மீண்டும் எழுப்பப் பொருளுதவி செய்தார். 1778 இல் இறந்தார். அவருடைய துணைவி பேகம் சம்ரு 1781 இல் திருமுழுக்குப் பெற்று, பின்னாளில் சர்தனாவில் பெரும் ஆலயம் எழுப்பினார்.

அர்மீனியர், வெனிசியர், செர்மானியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர். வணிகர், துறவி, கொலைக்கறை படிந்தவர் எனப் பலரும் ஒரே மதிலுக்குள் உறங்குகிறார்கள். கோதுமையும் களையும் அறுவடை வரை சேர்ந்தே வளரட்டும் என்று ஆண்டவர் கூறிய உவமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் ஏது?

இங்கே நாம் ஒரு கணம் தலைகுனிய வேண்டும். எங்கிருந்தோ வந்த இவர்களைப் பிரிக்க அம்மதிலுக்குள் சுவர் எழவில்லை. ஆனால் ஒரே மண்ணில் பிறந்து, ஒரே மொழி பேசி, ஒரே பீடத்தில் நற்கருணை உண்ணும் நம்மிடையே, கல்லறைத் தோட்டங்களில்கூடச் சாதியின் பெயரால் சுவர்கள் எழுந்ததும், தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டதும், சில ஊர்களில் அவை இன்னும் நீடிப்பதும் மறைக்க முடியாத உண்மை. உயர்ந்த கல்லறையும் ஒரு வகையில் ஒரு சுவர்தானோ என்ற ஐயம் அப்போதுதான் எனக்குள் எழுந்தது.

கல்லின் மறுபக்கம்

ஆயினும் அவசரப்பட்டு எல்லா அழகிய கல்லறைகளையும் வீண்பெருமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

இத்தாலியின் செனோவா நகரில் 1851 இல் திறக்கப்பட்ட ஸ்தாலியேனோ கல்லறைத் தோட்டம் பளிங்குச் சிலைகளால் உலகப் புகழ் பெற்றது. பெரும் செல்வர்களின் சிலைகளுக்கு நடுவே, சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கொட்டைப் பருப்பு விற்றுப் பிழைத்த கத்தரீனா கம்போதோனிக்கோ என்னும் பெண்ணின் சிலையும் நிற்கிறது. வாழ்நாளெல்லாம் சேர்த்த காசைக் கொண்டு, 1881 இல், தாம் உயிரோடிருக்கும்போதே ஒரேன்கோ என்னும் சிற்பியிடம் தம் உருவத்தைச் செய்வித்தார் அவர். திருநாள் உடை உடுத்தி, தாம் விற்ற கொட்டைகளைக் கோத்த மாலையைக் கையில் ஏந்தி நிற்கிறார். அதை ஆடம்பரம் என்று யார் சொல்வார்? தன்னையும் மனிதப் பிறவியாக மதிக்கச் சொல்லும் ஏழையின் குரல் அல்லவா அது?

திருச்சபையும் கல்லறைகளை அழகு செய்திருக்கிறது. புனித சவேரியார் 1552 இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தபோது, கடலோர மண்ணில் சுண்ணாம்பிட்டுப் புதைக்கப்பட்டார். அடக்கத்திற்கு நின்றவர்கள் மிகச் சிலரே. அவருடைய உடல் இன்று கோவாவில் வெள்ளிப் பேழையில் இருக்கிறது. அதைத் தாங்கும் பளிங்குப் பீடம் தஸ்கனிப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோவின் கொடை. 1698 இல் அங்கே நிறுவப்பட்டது. அன்பு தன் காணிக்கையைக் கல்லிலும் வெள்ளியிலும் செலுத்துவதைத் திருச்சபை மறுக்கவில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அவருடைய உடல் அடக்கம் செய்யப்படாமல் கழியில் கட்டப்பட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் விடப்பட்டது. கல்லறையே இல்லாத அந்தப் புனிதரின் குருதி சிந்திய மண்ணைத் தேடி இன்றும் திருக்கூட்டம் செல்கிறது. சவேரியாரின் புனிதம் பளிங்கால் வந்ததில்லை. அருளானந்தரின் புனிதம் பளிங்கில்லாமல் குறைந்ததும் இல்லை.

எங்கள் பகுதிக்கே வருவோம். திருவில்லிபுத்தூர் என்றதும் பதினொரு நிலைக் கோபுரம் நினைவுக்கு வரும். அவ்வூரில் பிறந்த ஆண்டாளை மக்கள் நினைவுகூரும் இடங்களுள் ஒன்றோ ஒரு நந்தவனம். குழந்தையாக அவர் கண்டெடுக்கப்பட்டதாக நம்பப்படும் துளசித் தோட்டத்தை அவர்கள் போற்றிக் காக்கிறார்கள். இராசபாளையத்தில் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராசாவோ, தம் வீட்டையே காந்தி கலை மன்றத்திற்கு அளித்தார். ஒரு தோட்டம், ஒரு கலை மன்றம். நாள்தோறும் பேருந்தில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே சென்று வந்த எனக்கு, இவற்றின் பொருள் ஆக்ராவில்தான் விளங்கிற்று. இறந்தோரை நினைவில் வைக்கக் கல் ஒரு வழி. ஆனால் அது மட்டுமே வழியன்று.

ஒரு பெயர்க்கல்

ஊர் திரும்பியதும் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றேன். ஏற்கெனவே எழும்பியிருந்த நான்கைந்து கட்டடக் கல்லறைகள் வாயிலுக்கு அருகே நல்ல இடத்தைப் பிடித்திருந்தன. கடைசி மூலையில், மழைநீர் தேங்கும் பள்ளத்தில், அண்மையில் இறந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் மேடு இருந்தது. இடம் இல்லாமையால் அங்கே புதைத்திருந்தார்கள். வாளியால் நீரை இறைத்துவிட்டுத்தான் குழி வெட்டினார்களாம். பங்குப் பேரவையின் முடிவுக்குப் பொருள் அந்தப் பள்ளத்தில் கிடந்தது. அதுவரை நான் அந்த மூலைக்குச் சென்று பார்த்ததே இல்லை.

ஹெஸ்ஸிங்கின் கல்லறைக்கு அங்கே இடம் இருந்தது. ஆகவே அவர் துணைவியின் அன்பு யாரையும் விலக்கவில்லை. எங்கள் தந்தைக்கு நாங்கள் எழுப்ப விரும்பிய மண்டபமோ, இன்னும் இருவரைப் பள்ளத்திற்குத் தள்ளியிருக்கும். ஒரே வகைக் கல், ஒரே வகை அன்பு. ஆனால் நிற்கும் நிலத்தைப் பொறுத்து அதன் அறம் மாறுகிறது.

தம்பியிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. “அப்படியானால் அப்பாவுக்கு ஒன்றுமே செய்யப்போவதில்லையா, அண்ணே?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அருகிலிருந்த அம்மாதான் சொன்னார்: “மாளிகையெல்லாம் வேணாம்யா. அவுக பேரை மட்டும் ஒரு கல்லுல வைங்க. நான் தடவிப் பார்த்துக்கிடுதேன்.” அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது.

பேரவையினரிடம் பேசினோம். மண்ணோடு மண்ணாகப் பதிக்கும் ஓரடிக் கல் ஒன்றுக்கு அவர்கள் இசைந்தார்கள். ஆண்டுகள் கழிந்து தேவை வரும்போது அந்த இடத்தில் வேறொருவரை அடக்கம் செய்ய நாங்கள் மறுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தோம். எழுதும்போது என் கை நடுங்கியது உண்மை. தந்தையின் மேல் இன்னொருவர்! அப்போது என் நினைவுக்கு வந்தவர் அரிமத்தியா ஊர் யோசேப்பு. தமக்கென வெட்டி வைத்திருந்த புதிய கல்லறையை அவர் ஆண்டவருக்குக் கொடுத்தார். விண்ணையும் மண்ணையும் படைத்தவர் மூன்று நாள் துயின்றது இரவல் கல்லறையில். அந்தக் கல்லறையின் பெருமை அதன் வேலைப்பாட்டில் இல்லை. அது வெறுமையானதில் இருக்கிறது. உடலின் உயிர்ப்பை ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நமக்கு, எந்தக் கல்லறையும் நிலையான வீடன்று. கல்லறைத் தோட்டத்தைக் குறிக்க முதல் கிறித்தவர் வழங்கிய கிரேக்கச் சொல்லின் பொருளே ‘துயிலிடம்’ என்பதுதான். துயில்பவர் எழுவர், எழுந்தவர் படுக்கையை வேறொருவருக்கு விட்டுத் தருவதில் வியப்பென்ன?

தம்பி மண்டபத்திற்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, அந்தப் பள்ளத்திற்கு மண் அடித்து மேடாக்கினோம். மழைநீர் வடியக் கால் வெட்டினோம். இப்போது அங்கே பன்னிரண்டு பேருக்கு இடம் உண்டு. அதற்கு யாருடைய பெயரும் வைக்கவில்லை. தம்பிக்கு இதில் முழு நிறைவு இல்லை என்பதை நான் அறிவேன். விடுமுறையில் வந்தபோது அவன் அந்த ஓரடிக் கல்லின் அருகே நெடுநேரம் நின்றான். பிறகு எதுவும் சொல்லாமல் மண் அடித்த மூலைக்கு நடந்து சென்று பார்த்தான்.

கடந்த கல்லறைத் திருநாளன்றும் மழை. திருப்பலிக்குப் பின், குடை பிடித்து அம்மாவை அழைத்துச் சென்றேன். மண்டியிட முடியாமல் குனிந்து, ஈரக் கல்லின் மேல் விரல்களை ஓட்டினார். எழுத்தொவ்வொன்றாகத் தடவி, தந்தையின் பெயர் முடிந்த இடத்தில் விரலை நிறுத்தி, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். பிறகு, “அந்த மூலையில தண்ணி நிக்குதாய்யா?” என்று கேட்டார்.

“இல்லை, அம்மா” என்றேன்.